பலகையில் எழுதாத ஆண்டவர்

மல்வேர்ன், ஸ்காபரோ
ஆனி (யூன்) 16, திங்கட்கிழமை

அன்புள்ள மகள் ஷரோனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பாவும் சுகம், இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் மிக நல்ல சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வடக்கில் வைற்ஹோர்சில் சுகமாயிருக்க வேண்டுமென்று மடு மாதாவிடம் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதில் யாரும் என்னில் குறை பிடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை போனில் நீ பத்து நிமிடத்துக்குள் ஆறு தரம் ‘ஓகே அம்மா’ சொன்னாய், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. விளங்காத சொல் வந்தால் என்னைக் கேள், கூகிளைக் கேட்காதே. ஒரு சொல்லை மாற்றிவைத்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கடிதத்தில் உள்ள செய்தியே.

உன் ஞானத்தாய் மக்டலீன் உனக்குப் போன் எடுத்து, அம்மா விசுவாசத்தை விட்டுவிட்டா, எட்வேட் அங்கிளைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்திவிட்டா, அச்சகத்துக்குப் போய்ப் பலகையை மறித்துவிட்டா என்று மூன்று குற்றம் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது உண்மை. மற்ற இரண்டும் பொய். நடந்தது இதுதான். நம் மூத்தோர் வட்டம் கனடா தினத்துக்காகச் சமூக நிலையத்தின் மண்டபச் சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டத் தீர்மானித்தது. இந்த நாட்டின் உரிமைச் சாசனத்தின் முதல் வரியைத் தமிழில் எழுதி, கீழே மொழிபெயர்த்தவர் பெயரும் போடுவது. இருபத்துநான்கு வருடம் அகதி விசாரணைகளில் மொழிபெயர்த்தவள் என்பதால் என்னிடம் தந்தார்கள். ஒரே ஒரு வரி. ‘கடவுளின் மேன்மையையும் சட்டத்தின் ஆட்சியையும் ஏற்கும் கோட்பாடுகளின் மேல் கனடா நிறுவப்பட்டிருக்கிறது.’ இதற்கு நான் இரண்டு நாள் எடுத்தேன், அப்பா சிரித்தார். வட்டத்தின் தலைவர் எட்வேட் அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு கிழமை கழித்துத் திருத்தி அனுப்பினார். ‘நம் ஆண்டவரின் முதன்மையை ஏற்றுக் கனடா நிறுவப்பட்டிருக்கிறது.’ சட்டத்தின் ஆட்சியைக் காணவில்லை. கேட்டால் பலகையில் இடம் போதவில்லையாம். என் பெயருக்கு மட்டும் இடம் இருந்தது, மொழிபெயர்ப்பு வேரோனிக்கா கஸ்பர் என்று.

உனக்குக் கடவுள் என்றாலும் ஆண்டவர் என்றாலும் ஒன்றுதான் என்று தோன்றும், ஆங்கிலத்தில் ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. தமிழில் அப்படியில்லை. ஆண்டவன் என்றால் கதிர்காமத்தானும் ஆண்டவன்தான். அந்தக் கடைசி எழுத்து மாறி ஆண்டவர் என்று வந்தால், அதற்கு முன்னால் ‘நம்’ என்றும் போட்டால், எங்கள் ஆக்களில் யாரைக் கேட்டாலும் அது யேசு என்பார்கள். எட்வேட்டும் அதற்காகத்தான் போட்டார், ஒளிக்கவில்லை. இது கிறிஸ்தவ நாடு, கிறிஸ்தவர்கள் கட்டிய நாடு, அதைச் சொல்ல ஏன் வெட்கம் என்று கேட்டார். கட்டியவர்கள் கிறிஸ்தவர்கள்தான், நான் மறுக்கவில்லை. அரசாங்கக் காசில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளியில்தான் நீயும் படித்தாய். ஆனால் கட்டியவர்கள் யார் என்பது ஒன்று, எழுதிவைத்தது என்ன என்பது இன்னொன்று. எழுதிவைத்த அந்த வரியில் யேசுவின் பெயர் இல்லை. நான் அவரை அங்கிருந்து எடுக்கவில்லை மகள், அவர் அங்கே இருக்கவேயில்லை.

இவ்வளவோடு விட்டிருப்பேன், எட்வேட்டோடு எத்தனையோ விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள்தானே. ஆனால் அவர் அந்தத் திருத்திய வரியை என் சனிக்கிழமை வகுப்புக்கும் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டார். நூலகத்தில் நான் நடத்தும் குடியுரிமைப் பரீட்சை வகுப்பு, உனக்குத் தெரியும். அங்கே தனுஷிகா என்றொரு பிள்ளை வருகிறாள், வட்டுக்கோட்டைப் பக்கம், கைக்குழந்தையோடு வருவாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அந்தத் தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்று, அன்ரி, முதல் அகதி விண்ணப்பப் போமிலை நான் சைவம் எண்டு எழுதிட்டன், இனி அது பிழையாய் வருமோ, ஞானஸ்நானம் எடுக்க எத்தினை மாதம் செல்லும் என்று கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை. முகம் வெளிறிப்போய் இருந்தது. குடியுரிமைச் சத்தியம் செய்யிற நாளிலை பிடிக்க உங்கடை பைபிளைத் தருவியளோ என்றும் கேட்டாள். நான் மொழிபெயர்த்ததாக என் பெயர் போட்ட தாளைப் பார்த்து ஒரு பிள்ளை தன் சாமியை விடலாமா என்று யோசித்திருக்கிறாள். பிள்ளை, கையை மட்டும் உயர்த்தி உறுதி சொன்னாலும் செல்லும், நீ நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போய்ச் சொல்லு என்று அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை என் கோபம் அடங்கவில்லை, இன்னும் அடங்கவில்லை.

வட்டத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன், அதுதான் மக்டலீன் சொன்ன அவமானம். அக்கா, நீங்கள் மன்னார்க் கத்தோலிக்கம், நீங்களே எங்கடை ஆண்டவருக்கு எதிராய் நிக்கிறியளோ என்றார் எட்வேட். அன்புராசா அண்ணை சைவக் கோயில் ஆள், அவர் எழும்பி, உந்தச் சண்டையே வேண்டாம், கடவுளை வெட்டிப்போட்டு மதச்சார்பற்ற நாடு எண்டு எழுதுவம் என்றார். அவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்தார், நான் அவரையும் விடவில்லை. அந்தச் சொல்லும் அந்த வரியில் இல்லை அண்ணை என்றேன். அவர் கோபித்துக்கொண்டு வாக்களிக்காமல் இருந்துவிட்டார். அப்போதுதான் அவர்களுக்கு விசாரணை அறைக் கதை ஒன்று சொன்னேன். அகதி கேட்ட ஒரு மனிதர், பெடியள் வந்து சாப்பாடு வாங்கிக்கொண்டு போனவை என்று சொன்னார். பெடியள் என்றால் பையன்கள், இயக்கத்து ஆக்களுக்கும் ஊரில் அதே பெயர்தான். நான் பெடியள் என்பதை ஆயுதம் தூக்கிய இயக்கம் என்று சொல்லியிருந்தால், அதற்கு உதவியவர் என்று அவருடைய வழக்கு அன்றோடு முடிந்திருக்கும். சின்னப் பிள்ளைகள் என்று சொல்லியிருந்தால் பொய். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன், எந்தப் பெடியள் என்று விசாரணை செய்தவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று நான் சத்தியம் செய்த வாய் இது, எட்வேட், உங்களுக்காகக் கூட்டவும் மாட்டேன் அன்புராசா அண்ணைக்காகக் குறைக்கவும் மாட்டேன் என்றேன். வாக்கு எடுத்தார்கள். எட்வேட்டின் வரிக்கு ஆறு, எனக்கு ஐந்து. அந்த ஆறாவது கை உன் அப்பாவுடையது. காதுவரைக்கும்தான் உயர்த்தினார், நான் திரும்பிப் பார்த்ததும் காதைச் சொறிந்தார், ஆனாலும் எட்வேட் எண்ணிவிட்டார். வீட்டில் வந்து, சும்மாதானப்பா தூக்கினது என்கிறார். சும்மா தூக்கின கையளாலைதான் இலங்கையிலையும் அந்தச் சட்டம் வந்தது என்றேன், அன்றோடு பேச்சு நின்றது.

நீ என்ன சொன்னாய், அம்மா இட்ஸ் ஜஸ்ற் வண் வேர்ட் என்றாய். ஒரு சொல்தான். எனக்குப் பதின்மூன்று வயதில் அங்கே புது அரசியல் சட்டம் வந்தது. என்னைப் பெற்ற ஐயா மன்னார் நீதிமன்றத்தில் கிளாக்கர், பேப்பரைச் சத்தமாக வாசித்தார். பௌத்த மதத்துக்கு முதன்மைத் தானம், அதாவது முதலிடம். அடுத்த வரியில் மற்றச் சமயங்களுக்கும் உரிமை உண்டு என்றும் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். ஐயா பேப்பரை மடித்துவைத்துவிட்டு, எல்லாரும் வீட்டுக்குள்ளை நிக்கலாமாம், ஆனா ஒராளுக்குத்தான் இருக்கக் கதிரையாம் என்றார். ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எட்வேட் திருத்திய தாளைத் திறந்தபோது ‘முதன்மை’ என்ற அதே சொல் எனக்கு முன்னால் கிடந்தது. இந்த முறை அந்தக் கதிரை எங்களுக்காம். தனுஷிகா நிற்கட்டுமாம். கதிரை கிடைத்தவுடன் நின்றதை மறந்துபோகிற ஆள் நான் இல்லை, எட்வேட் வேண்டுமானால் இருந்துகொள்ளட்டும்.

அதனால் வெள்ளி காலை இரண்டு பஸ் மாறி அஜின்கோர்ட்டில் உள்ள அச்சகத்துக்குப் போனேன். அச்சகத்துக்காரன் ராகுலன் பலகையைக் கொம்பியூட்டரில் காட்டினான், மூலையில் மேப்பிள் இலை எல்லாம் போட்டு வடிவாகத்தான் இருந்தது. தம்பி, உதிலை இருக்கிறது என்ரை பெயர், நான் இதுக்குச் சம்மதிக்கேல்லை, எழுதித் தாறன் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தேன், அவன் நிறுத்திவிட்டான். மத்தியானத்துக்கிடையில் மக்டலீன் வரைக்கும் செய்தி போய்விட்டது. வட்டத்தின் உத்தரவு, வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் எட்வேட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்காவிட்டால் சனிக்கிழமை வகுப்பு எனக்கு இல்லை, நூலக அறை வட்டத்தின் பெயரில்தானே எடுத்திருக்கிறது. கேட்டுவிடு, அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிறது என்று நீயும் சொன்னாய். அந்த வகுப்பு இல்லாவிட்டால் என் கிழமையில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. கண்ணீரும் வந்தது, உன்னிடம் ஏன் ஒளிக்க வேண்டும். ஆனாலும் கேட்க மாட்டேன். எட்வேட் கெட்டவர் இல்லை, என் கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் என்னைப் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போனவர், சூப்பும் கொண்டுவந்து தந்தவர். அதற்கு ஆயிரம் தரம் நன்றி சொல்வேன். இதற்கு மன்னிப்புச் சொல்ல மாட்டேன்.

நான் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று நீ நம்பினாயா என்பதுதான் எனக்குள் கிடந்து குத்துகிறது. போன நத்தார்ப் பண்டிகைக்கு நீ எழுதியதை எடுத்துத் திரும்ப வாசித்தேன். உன் வார்ட்டில் இருந்த அந்தப் பூர்வகுடி மூதாட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். அரசாங்கம் காசு கொடுத்துத் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளியில் ஏழு வயதில் தாயிடமிருந்து பிரித்து அடைக்கப்பட்டவர். நீ ஊசி போடக் குனிந்தபோது உன் கழுத்துச் சிலுவை அவர் முகத்துக்கு நேரே ஆடியிருக்கிறது. அதைக் கொஞ்சம் உள்ளே விடுவாயா என்று அவர் கேட்டார், நீ உடனே சட்டைக்குள் விட்டாய். கடைசியில் எனக்கு என்ன எழுதினாய் தெரியுமா? உள்ளுக்கு விட்டாப்பிறகு அது நெஞ்சிலை முட்டிக்கொண்டு கிடக்குது அம்மா, முந்தி அது அங்கை இருக்கிறதே எனக்குத் தெரியிறேல்லை என்று எழுதினாய். அரசாங்கமும் சிலுவையும் கைகோத்தால் யார் அழ வேண்டிவரும் என்று அந்த மூதாட்டியைவிட எனக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நீ சிலுவைக்குச் செய்ததைத்தான் நான் பலகைக்குச் செய்தேன் மகள். உன்னை யாரும் விசுவாசத்தை விட்டவள் என்று சொல்லவில்லை, நீயும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஞாயிறு பூசைக்குப் போவேன், வழமைபோல முன்வரிசையில்தான் இருப்பேன், நற்கருணை வாங்குவேன், மண்டபத்தில் ரீயும் குடிப்பேன். சனிக்கிழமை வகுப்பு இனி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தனுஷிகாவும் இன்னும் மூன்று பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்பா இன்று காலை தானாகவே கீழே பேஸ்மென்ரில் இருந்து இரண்டு கதிரை தூக்கிக்கொண்டு வந்து மேசையடியில் வைத்தார். நான் அவற்றைத் துடைத்துவைத்தேன். ஆனால் நான் பேசாமல் இருப்பதைச் சாட்டாக வைத்து ரீக்கு நாலு கரண்டி சீனி போடுகிறார், நீ போன் எடுத்து அவரை ஒருக்கால் ஏசு.

மிளகாய்த்தூளும் வறுத்த மாவும் பார்சல் போட்டிருக்கிறேன். அங்கே இப்போது இரவிலும் வெளிச்சம் போகாத காலம், தடித்த திரைச்சீலை வாங்கிப் போட்டு நேரத்துக்குப் படு. மாதா உன்னைக் கைவிடமாட்டா, என் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். மக்டலீனுக்குப் போன் எடுத்தால் இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டு, ஒரு சொல்லையும் மாற்றாதே. கீழே இருக்கும் பெயரை நானே சம்மதித்துப் போடுகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வேரோனிக்கா கஸ்பர்