தலை ஆடக்கூடாது

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஏவன்டேல் தையல் கடைக்கு லீவு சொல்லியாயிற்று. வியாழன் இடக்கண்ணில் கற்றரக்ட் ஒப்பரேஷன். வலக்கண் சின்ன வயதிலேயே போனது. இருப்பது இது ஒன்று. பயம்.

தைரியம் வரட்டுமென்று இவர் லைப்ரரியில் புத்தகம் எடுத்து வந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கண் அறுவையில் பேரெடுத்த டாக்டர் ஒருவரின் வாழ்க்கை. அப்போது கண்ணை மரக்கவைக்கும் விறைப்பு மருந்து கிடையாதாம். நோயாளியைக் கதிரையில் இருத்தி, உதவியாள் பின்னால் நின்று தலையை நெஞ்சோடு அமுக்கிப் பிடிப்பானாம்.

"நல்ல மனுசனப்பா. பிழையாப் போனதையும் எழுதி வைச்சிருக்கிறார்," என்று அதையும் வாசித்தார். அவர் ஏதோ கேட்க, ஒரு பெண் பாதியில் தலையை அசைத்தாள். கண் போயிற்று. அதற்குப் பிறகு மாணவர்களுக்கு ஒரே கட்டளை: கத்தி உள்ளே இருக்கையில் நோயாளியிடம் ஒன்றும் கேட்காதே.

நல்ல புத்தகம்தான் எடுத்தார்!

ஆக. 5, செவ்வாய்

வாங்க: காலைச் சாப்பாட்டுக்குப் பாண், சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி.

கிளினிக் நர்ஸ் சொன்னாள், நான் விழித்தபடிதான் இருப்பேனாம். இடையில் டாக்டர் ஓகேயா என்று கேட்பாராம். எனக்கு வாய் ஓம் சொல்லுமுன் தலை ஆடிவிடும். ஐம்பத்தெட்டு வருஷப் பழக்கம்.

"விசர்க்கதை கதையாதையும்," என்று என் பயத்தைத் தள்ளிவிட்டார் இவர். அவர் தலையும் ஆடியது.

மகள் ஷரோன் ஃபோனில்: "மம், ஜஸ்ட் சே யெஸ்!" நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபின் பிறந்தவள். அவள் தலை ஆடாது.

ஆக. 6, புதன்

இவரைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகினேன். "உப்புப் போட்டனீரோ? கதவு பூட்டினனீரோ?" பத்துக் கேள்வி. ஒன்பதுக்கு ஆட்டினேன். பத்தாவதற்கு ஆட்டவில்லை, பதிலும் வரவில்லை.

ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். முடியவில்லை. செபமும் ஓடவில்லை.

ஆக. 8, வெள்ளி

நேற்று எழுதவில்லை. கண்ணில் கட்டு. முழு இருட்டு. சோறு இவர் வாயில் தீத்திவிட்டார்.

நடந்தது இது. முகத்தில் துணி, ஒரே வெளிச்சம். பாதியில் டாக்டர்: "ஆர் யூ ஓகே?"

ஆட்டிவிட்டேன்.

"டோன்ட் மூவ்!" பின்னாலிருந்து இரண்டு கைகள் என் தலையை இரு பக்கமும் இறுக்கிப் பிடித்தன. நர்ஸ். புத்தகத்தில் இருந்தபடியே. டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணுக்கு என்ன ஆனதென்று கேட்க எனக்கும் துணிவில்லை.

இன்று காலை கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் கையைத் தூக்கினார். "கேன் யூ சீ?"

ஐந்து விரல். பெருவிரல் நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் முகம். அவரும் பயந்துதான் நின்றார்.

தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன்.