கடல் மரியாதை

மார்ச் 3

என் அன்பு மனைவிக்கு,

நலம். நீயும் உன் தங்கையும் நலம்தானே? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. உன் தங்கையைக் கேட்டால், "அக்கா எதுவா இருந்தாலும் எழுதச் சொன்னாங்க மாமா" என்கிறாள். பஸ் ஏறினால் வந்துவிடலாம், அதற்குப் போய்க் கடிதப் போக்குவரத்து. சரி, எழுதுகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. மூழ்கிப்போன அந்த மீன்பிடிப் படகின் ஆட்களை நாம் காப்பாற்றியதற்காக நம் படகு மன்றம் இருபத்தைந்தாம் தேதி பாராட்டு விழா எடுக்கிறது. துறைமுகத்துப் பெரிய அதிகாரி வந்து கேடயம் கொடுக்கிறார். அழைப்பிதழில் 'கேப்டன்' என்றே போட்டிருக்கிறார்கள். நானாகக் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டது. உன்னைத் 'துணை மாலுமி' என்று போடச் சொல்லியிருக்கிறேன். மேடையில் என் பக்கத்தில் உனக்கு நாற்காலி உண்டு.

பத்திரிகையில் வந்ததை நீ முழுதாகப் படித்திருக்க மாட்டாய், வெட்டி வைத்திருக்கிறேன். போட்டோவில் நீ சரியாக விழவில்லை. உன் கையும் துண்டும் மட்டும் தெரிகின்றன.

என் வெள்ளைப் பேண்ட் எங்கே? சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் உப்பு இருக்கிறது, டீயை இரண்டு முறை கொட்டினேன். ஏன் கோபித்துக்கொண்டு போனாய் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. எதுவானாலும் விழாவுக்குள் தீர்த்துக்கொள்வோம். நாலு பேர் வருகிற இடம்.

உன் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
கேப்டன்


மார்ச் 6

கேப்டன் அவர்களின் சமூகத்துக்கு,

நலம். வெள்ளைப் பேண்ட் கொடியில்தான் தொங்கும், யாராவது எடுத்து மடிக்கும்வரை.

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீங்கள் பேச்சை வழுக்கிக்கொண்டு போய்விடுவீர்கள். காலமெல்லாம் வாஷ்பேசினும் கழிப்பறைப் பீங்கானும் விற்ற வாய். கீறல் விழுந்த பேசினைக்கூட 'இது டிசைன் மேடம்' என்று தலையில் கட்டுகிறவர் நீங்கள். எழுதினால் எழுதினது எழுதினதாக இருக்கும்.

பத்திரிகையை நான் முழுதாகத்தான் படித்தேன். படித்ததும்தான் பெட்டியைக் கட்டினேன். நீங்கள் சொன்னதாகப் போட்டிருப்பதை இங்கே எழுதுகிறேன்: 'ஆறாவது ஆளான படகுச் சமையல்காரர் பயத்தில் நிதானம் இழந்து குதித்துவிட்டார். கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால் அவரையும் காப்பாற்றியிருப்பேன்.'

உங்களுக்கு ஞாபகமறதி போலிருக்கிறது. நான் சொல்கிறேன்.

நம் படகில் பாட்டை அலற விட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். நான் உள்ளே பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஹாரனை இரண்டு தரம் அடித்தீர்கள். எட்டிப் பார்த்தால் தூரத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது, சுற்றி நாலைந்து தலைகள். ஒருவர் சட்டையைச் சுழற்றினார், மற்றவர்கள் கையாட்டினார்கள். நீங்கள் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, வாயெல்லாம் பல்லாகத் திருப்பிக் கையாட்டினீர்கள். "பார்த்தியா, கடல்ல நமக்கு எவ்வளவு மரியாதை!" என்றீர்கள். படகு அதே வேகத்தில் போனது.

உங்கள் கழுத்தில் எப்போதும் ஒரு பைனாகுலர் தொங்குமே, போட்டோவுக்காக, மூடியைக்கூடக் கழற்றாமல். அதைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாகத் தெரிந்தது படகே இல்லை, மீன் வைக்கிற ஐஸ் பெட்டி. "திருப்புங்க, அவங்க தண்ணியில கிடக்கிறாங்க" என்று கத்தினேன். "சும்மா இரு, மீன் விக்கக் கூப்பிடுறான்" என்றீர்கள். அந்தப் பாட்டு முடிந்து அடுத்ததும் பாதி ஓடின பிறகுதான் சுக்கானைத் திருப்பினீர்கள், அதுவும் நான் வந்து அதில் கைவைத்த பிறகு.

திரும்பி வரும்போது அந்தப் படகின் சுக்கான்காரருக்கு நான்தான் துண்டு போர்த்தினேன். குளிரில் பல் தந்தியடித்தது மனிதருக்கு. அவர் சொன்னது இது: "பெட்டி ஆறு பேரைத் தாங்கல, அமுங்கிக்கிட்டே இருந்துச்சு. நீங்க கையாட்டினதும் சமையக்காரர்தான் முதல்ல பார்த்தாரு. 'நம்மளப் பார்த்துட்டாங்கடா, வர்றாங்கடா, நீங்க பெட்டியைப் பிடிங்க, நான் எதிர்க்க நீந்திப் போறேன்'னு கையை விட்டுட்டாரு."

நாம் திரும்பிப் போனபோது அவர் இல்லை. ஆக, அவர் நிதானம் இழக்கவில்லை. உங்கள் கையை நம்பினார்.

இப்படிக்கு,
போட்டோவில் விழாதவள்


மார்ச் 10

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பீங்கான் வியாபாரத்தை இழுக்காமல் உனக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. அந்தப் பீங்கான்தான் நம் வீட்டில் உலை ஏற்றியது.

கடலில் எதிர்ப்படும் படகுக்குக் கையசைப்பதும் ஹாரன் கொடுப்பதும் மன்றத்தின் வழக்கம். புதிதாகச் சேரும் உறுப்பினருக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதான். நான் மரியாதை செய்தேன். அது குற்றமா? வெயில் கண்ணில் அடித்தது. தூரத்தில் இருக்கிற வெள்ளைப் பெட்டி யாருக்குமே படகாகத்தான் தெரியும்.

பிறகு திரும்பினேனா இல்லையா? ஐந்து ஆட்களை இழுத்துப் போட்டது இந்தக் கைதானே? இப்போதும் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்துவிடக்கூட வீட்டில் ஆள் இல்லை. மன்றத்துச் செயலாளர் படகும் அன்று அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

அந்த ஐந்து பேரும் வீட்டுக்கே வந்தார்கள். சுக்கான்காரர் என் காலைத் தொட வந்தார், நான்தான் தடுத்தேன். அவர்கள் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களே பேசாதபோது உனக்கு மட்டும் என்ன வந்தது?

பத்திரிகைக்காரன் 'ஆறாவது ஆள் என்ன ஆனார்' என்று திடீரென்று கேட்டான். வாயில் வந்ததைச் சொன்னேன். நாளைக்கு எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

சாப்பாடு ஓட்டலில். வயிறு சரியில்லை.

கேப்டன்


மார்ச் 13

கேப்டன் அவர்களுக்கு,

ஐந்து பேரை நீங்கள் தூக்கினீர்கள். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. கடைசி ஆளை இழுக்கும்போது நீங்களே தண்ணீருக்குள் விழப் பார்த்தீர்கள், உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அந்த நேரத்தில் உங்களை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு கரைக்கு வந்தோம், மைக்கைப் பார்த்தீர்கள், கெட்டுப்போனீர்கள்.

அவர்கள் ஏன் பேசவில்லை என்று சுக்கான்காரரையே கேட்டேன். "எங்களைத் தூக்கிவிட்டவரைப் பத்தி நாங்க எப்படிம்மா வாயைத் திறக்கிறது?" என்றார். அவருடைய நன்றியை நீங்கள் சாட்சியாக்கிக்கொண்டீர்கள். நல்ல வியாபாரம்.

நேற்று சமையல்காரரின் மனைவியைப் பார்க்கப் போனேன். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு இஸ்திரிக் கடை. கடைதான் வீடு. மேஜைக்கு அடியில் பாயும் தலையணையும் சுருட்டி வைத்திருக்கிறாள். நான் போனபோது வெள்ளைச் சட்டை ஒன்றின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்த துணியை நகர்த்தி என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். யார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டாள். நாம் காப்பாற்றினவர்களாம், எனக்குக் கூசியது.

அவளும் பத்திரிகையை வெட்டி வைத்திருக்கிறாள். "துணி குடுக்க வர்றவங்க எல்லாம் 'ஏன் குதிச்சாராம்'னு கேக்குறாங்க. படகு ஓனரும், 'அவன் பயந்தாங்கொள்ளி, அவனாத்தான் தேடிக்கிட்டான்'னு சொல்லிட்டாரு. இருபது வருஷம் கடலுக்குப் போனவருக்கா பயமிருக்கும்?" என்று கேட்டாள். பிறகு இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்து, அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீங்கள்.

மேடையில் மைக் கொடுப்பார்கள் அல்லவா, அதில் சொல்லுங்கள். 'அவர் பயப்படவில்லை, நான் கையாட்டியதைப் பார்த்து, வருகிறேன் என்று நம்பி, மற்றவர்களுக்குப் பெட்டியை விட்டுவிட்டு நீந்தி வந்தார், எனக்குத்தான் புரியவில்லை' என்று சொல்லுங்கள். இவ்வளவுதான். கேடயத்தை யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். பிடுங்கினாலும் அதை வைக்க நம் வீட்டு ஷோகேசில் இடமில்லை, முழுக்கப் பீங்கான் வாத்து.

சொன்னால் அன்றைக்கே பெட்டியோடு வீட்டுக்கு வருகிறேன். எந்த டப்பாவில் சர்க்கரை என்றும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி


மார்ச் 19

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். முதலில் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. பிறகு நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டாய் என்று எழுதிய இடத்தைப் படித்தேன். அது எனக்கு ஞாபகமே இல்லை. ஏதோ என்னைப் பின்னால் இழுத்தது என்று மட்டும் தெரியும். நீதான் என்று இப்போதுதான் தெரிகிறது.

நான் கெட்டவன் இல்லை. எல்லோரும் கும்பிட்டார்கள். கடையில் என்னை யாரும் ஒருநாளும் கும்பிட்டதில்லை, தள்ளுபடிதான் கேட்டார்கள். கும்பிடுகிறவனிடம் போய், 'இரு, நான் முதலில் டாட்டா காட்டிவிட்டுப் போனேன்' என்று எப்படிச் சொல்வது? நாக்கு எழவில்லை.

ஆனால் சொல்கிறேன். எழுதியே வைத்துவிட்டேன், நீ எழுதிய அதே வார்த்தைகள். சட்டைப் பையில் இருக்கிறது. அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அவர்கள் கேட்க வேண்டும்.

பேண்ட் கொடியில்தான் இருந்தது. நானே தேய்த்தேன். ஒரு இடத்தில் கருகிவிட்டது.

உன் கணவன்


மார்ச் 27

கேப்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நம்பித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கடையை மூடி, சாயம் போகாத ஒரே புடவையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம், "பெரியவரு எங்க வீட்டுக்காரரைப் பத்திப் பேசப்போறாரா, நிஜமாவாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மேடை நாற்காலி எனக்கு வேண்டாம் என்று கடைசி வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மன்றத்துச் செயலாளர் உங்களைக் கடலின் காவலன் என்றார். ஐந்து பேரையும் மேடையேற்றி, வரிசையாக நிறுத்தி, போட்டோ எடுத்தார்கள். அடுத்து நீங்கள் பேச வந்தீர்கள். பையிலிருந்து தாளை எடுத்தீர்கள். அலையைப் பற்றி, தைரியத்தைப் பற்றி, மன்றத்தின் பாரம்பரியத்தைப் பற்றி எல்லாம் வந்தது. அந்த இடம் வந்ததும் அதிகாரியை ஒரு பார்வை பார்த்தீர்கள். தாளை மடித்தீர்கள்.

"ஒரு சகோதரர் மட்டும் அவசரப்பட்டுவிட்டார்" என்றீர்கள்.

பயம் போய் அவசரம் ஆயிற்று. உங்களால் முடிந்த உண்மை அவ்வளவுதான். கீறலுக்கு டிசைன் என்று பெயர் வைத்தவருக்கு இது பெரிய காரியமா? முன்வரிசையில் சிலர் தலையை ஆட்டி உச்சுக்கொட்டினார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு அற்பமான ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அவரோடுதான் இத்தனை காலம் ஒரே தட்டில் பழம் சாப்பிட்டிருக்கிறேன்.

கைதட்டல் ஓய்வதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹாரனை, தொப்பியை, பாட்டை, பெட்டியை. அவள் அழவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மத்தவங்களுக்குப் பெட்டியை விட்டுட்டா போனாரு?"

"ஆமாம்மா."

"அதானே" என்றாள். முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டாள்.

இனி துணி கொடுக்க வருகிறவர்களிடம் அவளே சொல்லிக்கொள்வாள். பத்திரிகைக்காரரிடம் நான் சொல்கிறேன். சுக்கான்காரரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேடையிலிருந்து இறங்கியதும் எங்களைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு இனி கடிதம் எழுத வேண்டாம். உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், அது ஒன்றும் கஷ்டமில்லை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கேடயத்தை வாங்கியதும் நீங்கள் கூட்டத்துக்குள் என்னைத் தேடினீர்கள். கண்டுபிடித்தீர்கள். வாயெல்லாம் பல்லாக, தொப்பியைக் கழற்றி, தூக்க முடியாத அந்தக் கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினீர்கள்.

அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் ஆட்டினாராக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். இருவரும் எழுந்து வந்துவிட்டோம்.

இப்படிக்கு,
நான்