மேல் வீட்டில் சத்தம் இல்லை

ஜூன் 3

மேல் வீட்டு அம்மாவுக்கு,

வணக்கம். கீழ் வீட்டிலிருந்து எழுதுகிறேன். சண்டைக் கடிதம் என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பாதிதான் சண்டை.

நான் ஒரு டாக்ஸி கம்பெனியில் ராத்திரி முழுக்க போன் எடுக்கிறவள். ஊர் எழுந்திருக்கும்போது படுப்பேன். நான் படுக்கிற நேரத்துக்கும் உங்கள் பெண் எழுந்திருக்கிற நேரத்துக்கும் ஏழாம் பொருத்தம். முதலில் கட்டிலிலிருந்து ஒரு குதி. பிறகு ஓட்டம். அப்புறம் ஏதோ ஒன்று உருண்டு போய், சுவரில் மோதி, திரும்பி வருகிறது. அது என்னவாக இருக்கும் என்று யோசித்தே ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போயிற்று. கோலி இல்லை, பந்தும் இல்லை. தரையில் ஒரு கம்பளத்தை விரித்தால் புண்ணியமாகப் போகும். அதற்கு முன்னால் அது என்ன என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

நேரில் வந்து கேட்கலாம் என்றால், நான் விழித்திருக்கும்போது நீங்கள் தூங்குகிறீர்கள். அதனால்தான் கதவுக்கு அடியில் காகிதம். போன் நம்பர் கேட்காதீர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்தச் சனியனை அணைத்துவிடுவேன்.

தூக்கம் கெட்ட,
கீழ் வீடு


ஜூன் 4

அன்புள்ள அக்கா,

அக்கா என்று எழுதிவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் ‘அம்மா’ என்றதும் என் மாமியாரைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

உருள்வது பேரிங். என் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய அந்த இரும்பு வளையத்தை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். சுவரில் மோதித் திரும்பி வந்து அவள் காலடியில் நிற்கும். இந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்.

அவள் அப்பா அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். ஏழரை வயது. சட்டைக்குள் ஒரு கையை விட்டதும் இன்னொரு கை இருப்பது மறந்து போகும். வாயிலும் எதுவும் நிற்காது. என் பிறந்தநாளுக்கு அவர் வாங்கி ஒளித்து வைத்த கைக்கடிகாரத்தைப் பற்றி, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் என்னிடம் சொல்லிவிட்டாள். போன மாதம் வகுப்பு ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்திருக்கிறாள். வெளியே ஒரு பூனை நின்றதாம்.

டாக்டரிடம் காட்டினோம். கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்தது என்றார், மாத்திரை எழுதினார். இவர் ஒரே குதி. “எம் பொண்ணு மூளைக்கு மாத்திரையா? நானும் சின்ன வயசுல இப்படித்தான் ஆடிக்கிட்டிருந்தேன். இப்ப என்ன, பஸ்ஸு ஓடலையா?” அன்றிலிருந்து வீட்டில் இரண்டு உம்மணாமூஞ்சிகள்.

கம்பளம் விரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மேல் வீட்டுத் தங்கை


ஜூன் 19

அன்புள்ள அக்கா,

முகம் பார்த்துப் பேசாத ஒருவரிடம் சில விஷயங்களைச் சொல்வது எளிதாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. அவர் விடியும் முன்பே பணிமனைக்குப் போய்விடுவார். நான் வேலைக்குக் கிளம்பும் முன், எட்டு மணிக்குச் சாப்பாட்டோடு ஒன்று கொடுக்கிறேன். அட்டையைப் பருப்பு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அந்த டப்பாவை அவர் இந்த ஜென்மத்தில் திறக்க மாட்டார். “அப்பாகிட்ட சொல்லக் கூடாது, இது உனக்கும் எனக்கும் மட்டும்” என்றேன். தலையாட்டினாள். எத்தனை நாள் தாங்கும் என்றுதான் பயம்.

நான் காலேஜில் வேதியியல் படித்தவள். மாத்திரையோடு வரும் பொடி எழுத்துக் காகிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். எதோடு சேரக் கூடாது, எப்போது கொடுக்கக் கூடாது, எல்லாம் இருக்கிறது. புருஷனிடம் சொல்லாமல் கொடுக்கலாமா என்பது மட்டும் இல்லை.

நான் செய்வது தப்பா அக்கா?

தங்கை


ஜூன் 20

தங்கச்சிக்கு,

கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவளிடம் இதைக் கேட்கிறாய். டாக்டர் எழுதியதை டாக்டர் சொன்னபடி கொடுப்பதில் தப்பு இல்லை. ஒளித்துக் கொடுப்பதுதான் எனக்கு இடிக்கிறது. சீக்கிரம் சொல்லிவிடு. என் வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன்: ஒரே ஆளுக்கு இரண்டு பேர் தனித்தனியாக வண்டி சொன்னால் வாசலில் ரகளைதான்.

இன்று பள்ளி லீவாக இருந்தும் பேரிங் பத்து மணிக்கு மேல்தான் உருண்டது. கம்பளத்துக்கு நன்றி.

அக்கா


ஜூலை 2

தங்கச்சிக்கு,

ஒரு வாரமாக மனுஷி மாதிரி தூங்குகிறேன். நேற்று எழுந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கம்பெனியில் ஒரு டிரைவர், “என்னக்கா, குரலே மாறிப்போச்சு. வண்டி இல்லைன்னு சொல்றதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க?” என்கிறான். உன் மாத்திரைக்கு என் கும்பிடு.

பேரிங் தொலைந்துவிட்டதா?

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்கா,

தொலையவில்லை. அவள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எடுக்கவே இல்லை.

வகுப்பாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். “இடத்தை விட்டு எழுந்திருக்கிறதே இல்ல. இப்படி ஒரு பிள்ளையா மாறும்னு நான் நினைக்கவே இல்ல” என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். இவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். நேற்று சாப்பிடும்போது அவளைப் பார்த்துவிட்டு, “பம்பரம் நின்னுடுச்சே” என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. நல்ல நாள் ஒன்றைக் கெடுப்பானேன் என்று விழுங்கிவிட்டேன்.

சாப்பாடுதான் இறங்குவதில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. தூங்கவும் நேரமாகிறது. பசி குறையும், தூக்கம் தள்ளிப் போகும் என்று அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது. பழகிவிடும் என்று இருக்கிறேன்.

தங்கை


ஜூலை 8, காலை

தங்கச்சி,

இதைப் பார்த்த உடனே பள்ளிக்கூடத்துக்கு வா. நான் அங்கேதான் போகிறேன்.

இன்று வேலை முடிய வழக்கத்தை விட நேரமாகிவிட்டது. வந்தபோது குழந்தை கீழ்ப் படியில் வேனுக்காக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கட்டைவிரலிலும் தோலை உரித்து உரித்து ரத்தம். உதடு வெடித்திருக்கிறது. பிஸ்கட் நீட்டினேன். “வயிறு வேண்டாங்குது பெரியம்மா” என்றாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். உள்ளே நெஞ்சு தையல் மிஷின் ஓடுகிற மாதிரி அடிக்கிறது. ஓடி விளையாடிய குழந்தைக்கு அப்படி அடிக்கலாம். இது உட்கார்ந்திருந்த குழந்தை.

“மாத்திரை போட்டியா கண்ணு?” என்றேன். “எந்த மாத்திரை?” என்றாள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் சொன்னாள். “அம்மா குடுக்கிறத அப்பாகிட்ட சொல்லக் கூடாது. அப்பா குடுக்கிறத அம்மாகிட்ட சொல்லக் கூடாது.”

அதற்குள் வேன்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டான். உன் கதவை இடித்தேன், நீ வேலைக்குக் கிளம்பியிருந்தாய். போன் நம்பர் கேட்காதே என்று எழுதியது நான்தான். அந்தத் திமிருக்கு இன்றைக்குக் கிடைத்தது செருப்படி.

அந்த மனுஷன் விடியற்காலையில் குழந்தையின் அறைக்குள் போகிற காலடி எனக்குத் தினமும் கேட்கும், நான் வீடு திரும்பும் நேரம் அதுதான். முத்தம் கொடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வா.


ஜூலை 11

அன்புள்ள அக்கா,

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பள்ளியிலிருந்து போன் வந்ததும் வீட்டுக்கு ஓடி, உங்கள் காகிதத்தைப் படித்து, பருப்பு டப்பாவிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் அதற்குள் அவளைப் பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டிலில் உங்கள் துப்பட்டாவால் போர்த்தியிருந்தீர்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெட்டியில் எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. ஏறுவதுதான் அதிகம். அதற்குப் பிறகு நீங்கள் எப்போது கிளம்பினீர்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை. ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

இவர் கிரீஸ் கையோடு ஓடி வந்தார். வராந்தாவில் எதிரெதிரே நின்றோம்.

“நீ எப்ப இருந்து குடுக்கிற?”

“நீங்க எப்ப இருந்து?”

இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தார். நான் என்னுடையதை வைத்தேன். பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருப்பது ஒரே மருந்து. என்னை விடச் சின்னவராக இருந்த அந்த டாக்டர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?” என்று கேட்டார். கிண்டல் இல்லை அக்கா. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

இவர் அன்று ராத்திரிதான் வாயைத் திறந்தார். ஜூன் கடைசியில் ஒரு லீவு நாளில் அவளைப் பணிமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பின்பக்கமாக வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே, உருண்டு ஓடிய பேரிங்கைத் துரத்திக்கொண்டு இவள் ஓடியிருக்கிறாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்ததால் இன்று எனக்குப் பெண் இருக்கிறாள். மறுநாளே இவர் பணிமனைப் பக்கத்து டாக்டரிடம் அவளைக் காட்டி மாத்திரை வாங்கியிருக்கிறார். “வேற மருந்து எதுவும் சாப்பிடுறாளா?” என்று அவர் கேட்டதற்கு “இல்லை” என்றிருக்கிறார். இவருக்குத் தெரிந்தவரை அது உண்மைதானே.

“என்கிட்ட ஏங்க சொல்லலை?”

“உன்கிட்ட அவ்வளவு கத்திட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து சொல்றது?”

அவள் அடங்கி உட்கார்ந்த அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக வெற்றி கொண்டாடிக்கொண்டிருந்தோம் அக்கா. நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுத சந்தோஷம், இவர் சோற்றைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. நடுவில் அவள் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எண்கள் இறங்கிய பிறகு அவளிடம் கேட்டேன், “ஏண்டி சொல்லலை?” என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. “நீங்க ரெண்டு பேரும்தானே சொல்லாதேன்னீங்க. சொன்னா மறுபடி சண்டை போடுவீங்க.”

செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற பிள்ளை அக்கா. இதை மட்டும் வைத்திருந்தாள். எங்களுக்காக, மென்று விழுங்கி உள்ளேயே வைத்திருந்தாள். வாயில் எதுவும் நிற்காது என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த வரியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு மருந்து நிறுத்தியிருக்கிறது. அடுத்த வாரம் ஒரே டாக்டர், ஒரே மாத்திரை, குறைந்த அளவில் மறுபடி ஆரம்பம். பருப்பு டப்பாவில் இப்போது பருப்புதான் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெயரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “நான் அத்தனை நாள் சொல்லலை. பெரியம்மா ஒரு நாள்கூட வெச்சுக்கலை” என்கிறாள். சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கினேன். “அது எனக்கும் தெரியும்” என்கிறாள்.

தங்கை


ஜூலை 14

பம்பரத்துக்கு,

இது உனக்கு மட்டும். அம்மா படித்துக் காட்டலாம், ஆனால் நடுவில் பேசக் கூடாது.

உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வேன் தெருமுனை திரும்புவதற்குள் உடைத்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது நிஜம்தான். சத்தியம் உடைந்ததும் நிஜம். நாளைக்கே அப்படி ஒன்று நடந்தால் மறுபடியும் உடைப்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலில் ‘சொல்ல மாட்டேன்’ என்று சொல்லியிருக்கக் கூடாது. அது என் தப்பு.

இன்னொன்று. மேலே சத்தம் நின்றபோது நான் நன்றாகத் தூங்கினேன். பம்பரம் ஏன் சுற்றவில்லை என்று உடனே மேலே வந்து பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் பெரிதாகிவிட்டது.

கோபம் இருக்கிற வரைக்கும் இரு. தீர்ந்த அன்றைக்குப் பேரிங்கை ஒரு தடவை உருட்டு. சுவரில் மோதித் திரும்பி வந்தால் சமாதானம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் தூங்குகிற நேரமாக இருந்தாலும் பரவாயில்லை.

பெரியம்மா


ஜூலை 22

அன்புள்ள அக்கா,

மாத்திரை மறுபடி ஆரம்பித்து நான்கு நாளாகிறது. இவர் ஷிப்ட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். காலையில் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்கிறோம். இவர் அட்டையிலிருந்து பிரிக்கிறார், நான் தண்ணீர் கொடுக்கிறேன், அவள் இரண்டு பேருக்கும் வாயைத் திறந்து காட்டுகிறாள். நேற்று ஆசிரியை கூப்பிட்டார். மறுபடியும் இரண்டு தடவை எழுந்து ஓடினாளாம். வருத்தமாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன், என்ன நினைத்தாரோ.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நடுவில் பேசவில்லை. அவள் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இன்று பள்ளி லீவு. மதியம் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பேரிங்கை எடுத்தாள். கம்பளத்தை அவளே சுருட்டி ஓரமாக வைத்தாள். உருட்டினாள். உங்களுக்கும் கேட்டிருக்கும், சுவர் வரைக்கும் போன சத்தம். மோதுவதற்குள் ஓடிப் போய்க் கையில் பிடித்துவிட்டாள்.

“ஏண்டி, பெரியம்மா தூங்குற நேரமாச்சே” என்றேன்.

“தூங்க மாட்டாங்கம்மா. காத்துக்கிட்டிருப்பாங்க.” பேரிங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.”

உங்கள்
தங்கை