காக்கா கடி

ஜூலை 3
பால், சோப்பு, குட்டியின் ஊசி இரண்டு. வேர்க்கடலை துளி பட்டாலே மூச்சு அடைக்கும் பிள்ளைக்கு உயிர்காக்கும் ஊசி. ஒன்று வீட்டுக்கு, ஒன்று வகுப்புக்கு. மருந்துச் செலவா, பள்ளிச் செலவா? குழம்பிப்போய் இரண்டிலும் பாதிப் பாதி எழுதிவைத்தேன்.

ஜூலை 5
தலைமையாசிரியை, "மதியம் ஆபீஸ் ரூம்ல தனியா சாப்பிடட்டுமே" என்றார். இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "தனியா உக்கார அவ என்ன தப்பு பண்ணா? என் பக்கத்துல உக்காரட்டும்." பழகுவதற்கென்று தரும் மருந்தில்லாத ஊசியைப் புடவைமேலேயே தன் தொடையில் குத்திக் குத்திப் பார்த்தார். "தூக்கத்துல எழுப்பினாலும் போடுவேம்மா."
என்ன மனுஷி! ஆனாலும் மதியமானால் என் கால் தானே பள்ளி வாசலுக்குப் போய்விடுகிறது.

ஜூலை 19
தாயே.

ஜூலை 20
நேற்று காலை இடைவேளையில் பக்கத்து சீட்டு வாயாடி சாக்லேட்டைக் கடித்துக் கொடுத்திருக்கிறாள். குட்டியும் தின்றிருக்கிறாள். நான் வாசலில் நிற்கும் நேரமே இல்லை அது. நின்றிருந்தாலும் என்ன கிழித்திருப்பேன்?
உதடு வீங்கியதும் டீச்சர் ஊசி போட்டு, ஆம்புலன்சை அழைத்து, பிறகுதான் எனக்கு போன். "ஊசி போட்டாச்சும்மா. நேரா ஆஸ்பத்திரி வாங்க. அவ கையப் பிடிச்சிட்டுதான் இருக்கேன்." குரலில் நடுக்கமே இல்லை. அங்கே போய்ப் பார்த்தபோதும் அவள் கையை விட்டிருக்கவில்லை.
பிழைத்தாள். "ஸ்கூலை நிறுத்திடலாம்" என்கிறார் குட்டியின் அப்பா. எனக்கும் அதே எண்ணம்தான்.

ஜூலை 24
வாயாடி அவள் அம்மாவோடு வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றே தேம்பல். "கடலையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுதான் ஆன்ட்டி குடுத்தேன். சட்டைய மேல போட்டு காக்கா கடிதான் கடிச்சேன்."
திட்ட வாய் வரவில்லை. டீச்சரும் திட்டவில்லையாம். வகுப்பில் சொன்னாராம்: "காக்கா கடி எச்சிலைத்தான் தடுக்கும். கடலையத் தடுக்காது." நானும்தான் தேடித் தேடிப் படித்து ஊருக்கே விளக்குகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததா? இனி அந்த வகுப்பில் தின்பண்டம் கைமாறாது, பிறந்தநாளுக்கும் பென்சில்தான்.
குட்டி முந்தானையை இழுத்தாள். "நாளைக்காவது போறேம்மா. என் இடத்த வேற யாராச்சும் பிடிச்சுப்பாங்க."

ஜூலை 25
அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9
மதியம் பூஜையறையில் விளக்குத் துடைத்தவள், பள்ளி வாசலையும் மறந்து சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். பள்ளி விட்டு வந்த குட்டியும் வாயாடியும் கதவைத் தட்டிய பிறகுதான் விழிப்பு வந்தது.