உடும்புப் பாறையும் ஒரு காலிக் கோடும்

மே 6, செவ்வாய்

பின்னால் யாராவது இந்த நோட்டைப் பிரித்தால், எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்தொரு வயது வரை இந்தக் கை கயிறும் கடிவாளமும்தான் பிடித்தது. பேனா அதற்கு ரொம்பச் சின்னது. இந்த நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் நாலும் என்னுடையவை.

மே 9, வெள்ளி

கடையில் மாவு மூட்டை, தேயிலை டப்பா, கதவில் ஒட்டியிருந்த நாய்த் தடுப்பூசி அறிவிப்பு எல்லாம் படித்தேன். "ஏதாவது வாங்கப் போறியா டின்னி, இல்ல கடை முழுக்கப் படிச்சுட்டுத்தான் போவியா?" என்றாள் கடைக்காரி. படித்துவிட்டுத்தான் போனேன்.

மே 14, புதன்

வடக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விறகுக்குப் போனோம். தொட்டி மேல் ஒரு தகரப் பலகை. பண்ணையில் மாடு ஓட்டிய காலம் முதல் அங்கேயே இருக்கிறது. அதில்தான் என் சட்டையைக் காயப் போடுவேன். இன்று படித்தேன்: இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

நாற்பது வருஷம் குடித்திருக்கிறேன்.

மே 20, செவ்வாய்

வகுப்புக்கு நொரீன் ஒரு பழைய காகிதக் கட்டைக் கொண்டுவந்தாள். அவள் ஆல்ஃபி மச்சானின் மகள். எனக்கு எழுத்துச் சொல்லித் தருபவள். "படிக்க வேற எதுவும் இல்ல மாமா. வீட்டுல இதுதான் கிடந்துச்சு" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முந்திய சம்மதப் பத்திரம். அணு உலைக் கழிவைப் பீப்பாய்களில் அடைத்து, உடும்புப் பாறைக்கு அடியில் அரை கிலோமீட்டர் ஆழத்தில் இறக்கி, மூடிவிடுவார்கள். யாரும் திரும்பத் திறக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக நம் ஊர் மருத்துவ நிலையத்தில் டயாலிசிஸ் நாற்காலி இரண்டு. மச்சானுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்ய ஆலிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் போய்க் கிடக்கிறார், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி. எப்போதாவது ஒன்றைத் தவறவிட்டு ஊரைப் பார்க்க வருவார்.

கையெழுத்துகள்: மச்சான், அவர் தம்பிகள் இருவர். கீழே 'கலந்து பேசப்பட்ட பிற உறவினர்' என்று ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றுமில்லை. என் வாசிப்பில்தான் பிழையோ என்று மூன்று தடவை படித்தேன். இல்லை, காலிதான்.

பாறை மச்சானுக்கு அப்பா வழி மண். எனக்கு அம்மா வழி. எங்கள் முறைப்படி அப்பா வழிக்காரர் உரிமையாளர், அம்மா வழிக்காரன் காவல். காவலைக் கேட்காமல் உரிமையாளர் அங்கே புல்லுக்குக்கூடத் தீ வைக்க முடியாது.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்? அங்கேயேதான். மரத்தடியில், அதிகாரிகள் சுட்டுக் கொடுத்த இறைச்சிக் குழலை, சாசேஜைத் தின்றுகொண்டு. யாரும் கூப்பிடவில்லை. நானும் எழுந்து போகவில்லை. போனால் கையில் பேனாவைக் கொடுத்துவிடுவார்களோ என்ற வெட்கம்.

மே 22, வியாழன்

எழுத ஓடவில்லை. களைப்பு.

ஜூன் 3, செவ்வாய்

கான்பெராவிலிருந்து அரசாங்க அதிகாரி கிரெய்க் வந்திருந்தார். எத்தனையாவது கூட்டம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதே படங்கள், அதே சாசேஜ். இந்தத் தடவை புதிதாக ஒன்று: பத்தாயிரம் வருஷம் நிற்கிற எச்சரிக்கைக் கல் நடுவார்களாம். எல்லா மொழியிலும் எழுதுவார்களாம்.

நான் கையைத் தூக்கினேன். "ஐயா, வடக்குத் தொட்டியிலயும் எழுதித்தான் இருந்துச்சு. நாற்பது வருஷம் அது மேல சட்டை காயப் போட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஊருக்கு வந்திருந்த மச்சானும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. காலிரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். காலிக் கோட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்தக் காலைப் பார்த்தபிறகு எப்படிச் சொல்வது? அவருக்கு நாற்காலி வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

காவல்காரன். அதுதான் நான்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி ஊருக்கு வந்த மச்சான் வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

"படிச்சியாமே. நொரீன் சொன்னா."

"படிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நல்லாத்தான் எழுதியிருக்காங்க."

"போடா மாட்டுக்கார நாயே. மூணு வருஷமா பாக்குறேன். நான் தப்புப் பண்ணா என்னைத் திட்ட ஊர்ல ஒருத்தனுக்குத்தான் உரிமை இருக்கு. அவன் சாசேஜ் தின்னுட்டுப் பேசாம இருக்கான்."

"உங்க காலு, மச்சான் —"

"என் காலு என் பாடு. ஆலிஸ்ல மெஷின்ல கெடந்து கூரையப் பாத்துக்கிட்டே நெனப்பேன்: இன்னைக்குத் திட்ட வருவான், நாளைக்கு வருவான்னு. நீ வரல. திட்டுடா."

திட்டினேன். அம்மா பேரைச் சொல்லாமல், அம்மாவின் மண்ணைச் சொல்லித் திட்டினேன். இருவர் தொண்டையும் கட்டிவிட்டது. அப்புறம் அவர் இறங்கி வந்து தேநீர் குடித்தார். சர்க்கரை போதவில்லை என்று குறை சொன்னார்.

ஜூலை 1, செவ்வாய்

கான்பெராவுக்குக் கடிதம் முடிந்தது. ஒன்பது நாள், இரண்டு பக்கம். அம்மா வழிக்காரனைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன், இப்போது சொல்கிறேன், மாட்டேன். அவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் மரியாதை.

"டைப் அடிச்சுத் தரட்டுமா மாமா?"

"வேணாம்மா. என் கோணல் தெரியட்டும்."

நொரீன்தான் தபால் தலை ஒட்டினாள். அந்தக் கடிதத்தால் போகப்போவது அவள் அப்பாவின் நாற்காலி. ஒட்டிய பிறகும் கட்டைவிரலை எடுக்காமல் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதில் வந்தது. ஒரே பக்கம். நானே சத்தமாகப் படித்தேன், எங்கேயும் தடுக்கவில்லை. உடும்புப் பாறையில் வேலை நிறுத்தப்படுகிறது. வேறு இடம் பார்க்கப்படும்.

நாற்காலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

வேறு இடம் என்றால் வேறு ஒருவருடைய பாறை. அங்கேயும் யாரோ ஒரு கிழவன் மரத்தடியில் தின்றுகொண்டிருப்பான். அவனுக்கு வாசிக்கத் தெரியுமோ என்னவோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பையில் இரண்டு சட்டை, கம்பளி, இந்த நோட்டு. நாளை மச்சானோடு ஆலிஸ் பேருந்து. இனி அவரை ஊருக்கு வந்துபோக டாக்டர் விடமாட்டாராம். காவல் பாறைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

"மெஷின் பக்கத்துல உக்காந்து என்னடா பண்ணுவே?" என்று கேட்டார்.

"படிச்சுக் காட்டுவேன்."

"மாவு மூட்டையையா?" என்றார். கொஞ்சம் கழித்து, "மெதுவாப் படி. எனக்கு அவசரமில்ல" என்றார்.

ஒரு தடவைக்கு ஐந்து மணி நேரம் ஓடுமாம் அந்த மெஷின். அடுத்த வாரம் அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கை போகிற வேகத்துக்கு, ஒரு பக்கமாவது தேறும்.