இரண்டு ‘லாம்’

அன்புத் தங்கைக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாலத்தைச் சோதித்து அமைச்சகத்துக்கு அறிக்கை கொடுத்த பொறியாளன் நான்தான். ‘பாலம் விழும்’ என்றுதான் எழுதினேன். செயலாளர் சிரித்தார். “நீங்க என்ன ஜோசியரா? ‘விழலாம்’னு மாத்துங்க.” மாற்றினேன். அமைச்சர் படித்துவிட்டு, “அப்போ விழாமலும் இருக்கலாம்ல?” என்று கோப்பை மூடினார்.

பஸ்ஸோடு பாலம் விழுந்த பிறகு வந்த விசாரணைக் குழு, நான் முன்பே எச்சரித்ததாகப் பாராட்டி எழுதியிருக்கிறது.

நான் அறிக்கை கொடுத்த அதே வாரம் உன் கணவர் கேட்டார்: “அந்தப் பாலத்துல பஸ் ஓட்டலாமா மச்சான்?” அறிக்கையைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாதென்று உத்தரவு.

“ஓட்டலாம் மாப்ள” என்றேன்.

அந்த ‘லாம்’ யாரும் போடச் சொன்னதல்ல.

உன் வீட்டுக்கு வரலாமா என்று கேட்க வாயில்லாத
அண்ணன்