பச்சையாகிப் போன செம்புக் கோடு

ஜூலை 3
இயற்பியல் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பஸ்ஸர் அலறியது. அவரும்தான். மெத்தைக்கு அடியில் செம்புத்தூளையும் பசையையும் குழைத்து நான் பூசிய கோடு. ஒயரே கிடையாது! மின்சாரம் ஓடியது, அடுத்து நான் ஓடினேன். மின்சாரம் பிடிபடவில்லை.

ஜூலை 4
சாரிடம் அடி விழும்னு போனால் பந்தயம் விழுந்தது. "இந்தப் பூச்சு ஒரு வாரம் தாங்காதும்மா. காத்துல செம்பு கறுத்துடும், கரண்ட் போகாது. மாசக் கடைசி கண்காட்சியில இதே மாதிரி பழைய கோட்டுல சத்தம் வரட்டும், ஸ்டால் உனக்கு. வரலைன்னா பள்ளிக்கூடத்துக்கே மைக்ல மன்னிப்பு."
"மைக் வேலை செய்யுமா சார்?"
வாய் என்னுடையதுதான். என் பேச்சைத்தான் கேட்பதில்லை.

ஜூலை 9
சோதனைக்காக அட்டையில் பூசிய கோடு கறுத்துவிட்டது. கரண்டை மறிக்கிற மின்தடை ஏறி, பஸ்ஸர் கொசு மாதிரி முனகுகிறது. சார் எட்டிப் பார்த்தார். "ஒயர் தரட்டுமா?"
வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ஜூலை 10
தூளை வினிகரில் கழுவினேன். பளபள! புதுக் கோடு. காற்று படாமலிருக்க மேலே அக்காவின் நிறமில்லாத நெயில் பாலிஷ். கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டாள்.

ஜூலை 14
பச்சைத் துரோகம்! கோடு முழுக்கப் பாசி பிடித்த மாதிரி பச்சை — பாலிஷுக்கு அடியிலேயே. எப்படி? எங்கே நுழைஞ்சுது காத்து? போச்சு, எல்லாம் போச்சு...

புட்டியைத் தேடி வந்த அக்கா, டப்பாவில் மிச்சமிருந்த தூளை மோந்து பார்த்தாள். "புளிச்ச வாடை அடிக்குது. கழுவின, சரி. அலசினியா குரங்கே?"
டப்பாவைப் பிடுங்கி மூடினேன்.
"பாத்திரமும் இப்படித்தான் தேய்ப்ப. நாங்க சோப்போட சாப்பிடுறோம்."

காற்று நுழையவில்லை. செம்பைப் பச்சையாக்கிய வினிகரை உள்ளே வைத்து நானேதான் பூட்டியிருக்கிறேன்.

ஜூலை 15
அலசினேன். அலசினேன். தூளில் வாடை போகிறவரை அலசினேன். உடனே ஃபேனுக்கு அடியில் உலர்த்தியாச்சு.

ஜூலை 17
புதுக் கோடு நன்றாகக் காய்ந்த பிறகுதான் பாலிஷ். பொறுமை! எனக்கு! யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

ஜூலை 24
மின்தடை ஏறவில்லை. அம்மா கேட்டாள்: "மன்னிப்பு கேட்டா குறைஞ்சா போயிடுவ?"
நாற்காலிக்காகக் கேட்கிறேன், நாளைக்கே. கோட்டுக்காகக் கேட்கமாட்டேன்.

ஜூலை 30
கண்காட்சி. சார் ஈரத்துணியால் கோட்டை அழுத்தித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பொத்தானை அமுக்கினார். கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி பஸ்ஸர் அலறியது. துணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்தால் என் மேசையில் கூட்டம். எல்லா ஸ்டாலிலும் நிற்கிற 'தொடாதீர்கள்' அட்டையை என் மேசையில் மட்டும் யாரோ திருப்பி வைத்திருந்தார்கள். பின்பக்கம், சாரின் கோழிக் கிறுக்கலில்: 'தாராளமாகத் தொடவும்.'